பாய்லர் நட்டும் இரண்டு மாப்பிள்ளைகளும்

என் தங்கை புருஷன் பிரமோதை எனக்குப் பிடிக்காது. அப்படி என்ன செய்துவிட்டான் என்று கேட்டால் ஒன்றும் செய்யவில்லை. நல்ல பையன். பார்த்ததும் காலைத் தொட்டுக் கும்பிடுகிறான், சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவுகிறான். அதனால்தான் இன்னும் பிடிக்காது. ஒரு குறையாவது இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் மூச்சு விடலாம்.

தங்கை சஹனாவுக்குக் கல்யாணமாகி இது முதல் தீபாவளி. புனேயிலிருந்து காரில் வந்து ஹூப்ளியில் எங்கள் அப்பா வீட்டு வாசலில் இருவரும் இறங்கியதும் அம்மா ஆரத்தித் தட்டோடு ஓடினாள். நானும் என் வீட்டுக்காரர் ருத்ரேஷும் அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் ஸ்கூட்டரில் வந்து இறங்கியிருந்தோம். எங்களைப் பார்த்து அவள் சொன்னது, "வந்துட்டீங்களா, அந்த எண்ணெய் டின்னைக் கொஞ்சம் உள்ள தூக்கி வைங்க மாப்பிள்ளை." அவரும் தூக்கி வைத்தார். அவருக்கு இதெல்லாம் உறைக்காது. அவருக்கும் சேர்த்து எனக்கு உறைக்கும்.

அம்மா சோமாசி மாதிரி பண்ணியிருந்த கர்ஜிகாயைப் பிய்த்துப் பார்த்தேன். உள்ளே முந்திரி, கசகசா, உலர்ந்த திராட்சை. என் முதல் தீபாவளிக்கு வெல்லமும் எள்ளும்தான். கேட்டால் "அப்போ வசதி இல்லடி" என்பாள். உண்மைதான். உண்மையாக இருந்தால் வயிறு எரியக் கூடாதா?

சரி, தின்பண்டம் போகட்டும். நான் பயந்தது பாய்லரை நினைத்து.

எங்கள் பக்கத்தில் தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் நீர் நிறைக்கும் பண்டிகை. குளியலறையில் இருக்கும் அண்டாவோ பாய்லரோ, எதுவானாலும் அன்றைக்குக் காலி செய்து, உள்ளும் புறமும் தேய்த்து, சுண்ணாம்பும் செம்மண்ணும் பூசி, மாலிங்கம் என்கிற காட்டுக்கொடியைச் சுற்றிப் புதுத் தண்ணீர் நிறைப்பார்கள். மணி அடித்து ஆரத்தி எடுப்பார்கள். மறுநாள் விடியலில் அந்தத் தண்ணீரில்தான் எண்ணெய்க் குளியல். மற்ற வீடுகளில் கடையில் வாங்கிய கெய்சருக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்து முடித்துவிடுவார்கள். எங்கள் அப்பா வீட்டில் அது நடக்காது, ஏனென்றால் எங்கள் வீட்டு பாய்லர் அப்பா கையால் செய்தது.

அப்பா குருசித்தப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கனத்த இரும்புத் தகட்டை வளைத்து, கூட்டாளிகளை வைத்துப் பற்றவைத்து, கரண்டில் சூடாகிற மாதிரி அவர் செய்த தொட்டி குளியலறைச் சுவரில் தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அடியில் சாஸர் அகலத்துக்கு ஒரு பித்தளை நட். அதைக் கழற்றினால் சூடாக்கும் கம்பி வெளியே வரும். கூடவே இன்னொரு கம்பி வரும். தொட்டியை அரிக்க வேண்டிய துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்கிற கம்பி அது, வருஷத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். எங்கள் போர்வெல் தண்ணீர் லட்சணத்துக்கு உள்ளே சுண்ணாம்பு படை படையாகக் கட்டியிருக்கும். அதையும் சுரண்டி எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் வருஷா வருஷம் அப்பா ஒருவரே செய்வார், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. பிறகு பட்டு வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார். நாங்கள் வெளியே நிற்போம். அவரைத் தவிர அந்தக் குழாயை அன்றைக்கு யாரும் தொட்டதில்லை.

இந்த வருஷம் அவருக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. கை காதுக்கு மேல் ஏறாது, சட்டை போடுவதற்கே அம்மா வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அவரை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போய் வருவது ருத்ரேஷ். சிலிண்டர் மாற்ற ருத்ரேஷ், மோட்டார் நின்றுபோனால் ருத்ரேஷ். காலேஜ் முன்னால் சின்னதாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடி வருவார். ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் அவர்தான் ஆண் பிள்ளை. ஆகவே இந்த வருஷம் அப்பா அவரைக் கூப்பிட்டு, "நீங்க நிறைங்க மாப்பிள்ளை" என்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எவ்வளவு நாளாகக் காத்திருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாது.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அப்பா தொண்டையைச் செருமினார்.

"இந்த வருஷம் என்னால முடியாது. மாப்பிள்ளைங்க ரெண்டு பேர் இருக்கீங்க. அந்த நட் யார் கையில திறக்குதோ அவரே தண்ணி நிறைக்கட்டும். இனிமே வருஷா வருஷம் அவரேதான். என் வேட்டியும் அவருக்குத்தான்."

சொல்லிவிட்டு பாக்கை வாயில் போட்டுக்கொண்டார். வில்லை வைத்து சுயம்வரம் நடத்திய ராஜாவுக்கு அடுத்தபடி இவர்தான் என்று நினைத்தேன். எனக்குக் காதிலிருந்து புகை வந்தது. இத்தனை வருஷம் உழைத்தவரும், நேற்று தாலி கட்டியவனும் ஒரே வரிசையில் நிற்க வேண்டுமாம்.

"நல்ல ஐடியாப்பா!" என்று சஹனா கையைத் தட்டினாள். "இவர் கம்பெனில இஞ்சினையே பிரிச்சு மாட்டுவார்."

"இஞ்சினைப் பிரிக்கறது மெஷினு. நான் கம்ப்யூட்டர்லதான் பாக்கறேன்" என்றான் பிரமோத். அடக்கமும் உண்டு சனியனுக்கு.

புது மாப்பிள்ளைக்குத்தான் முதல் மரியாதை என்று அம்மா சொல்லிவிட்டதால் அவன் முதலில் போனான். மெயின் சுவிட்சை அணைத்து, தண்ணீரை வடித்து எல்லாம் ருத்ரேஷ் காலையிலேயே செய்து வைத்திருந்தார். அதைக் கவனித்தது நான் மட்டும். அப்பா குளியலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் அவல் கிண்ணத்தோடு உட்கார்ந்தார். சஹனா செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தாள்.

பிரமோத் ஸ்டூலில் ஏறி, அப்பாவின் பெரிய ஸ்பேனரை நட்டில் மாட்டி இழுத்தான். அசையவில்லை. தோளைக் கொடுத்து இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. ஸ்பேனர் வழுக்கி, கை முட்டி போய்ச் சுவரில் இடித்தது.

"ஐயோ, பாத்துங்க!" என்று சஹனா கத்தினாள்.

எனக்கு உள்ளே சர்க்கரை கரைந்தது. நாகரிகத்துக்காக நானும் "அச்சச்சோ" என்றேன்.

"என்ன மாப்பிள்ளை, புனேல நட்டெல்லாம் வெண்ணெய் மாதிரி கழண்டுடுமோ?" என்று கேட்டுவிட்டு அப்பா ஒரு பிடி அவலை வாயில் போட்டார்.

"மாமா, இது நட்டா, வெல்டிங்கா?" என்று முட்டியை ஊதிக்கொண்டே பிரமோத் சிரித்தான். ஆத்திரம்கூட வரவில்லை அவனுக்கு.

"இப்ப நீங்க போங்க" என்று ருத்ரேஷை முழங்கையால் இடித்தேன்.

"நான் எதுக்கு லீலா? அவர் இளவட்டம். அவராலயே முடியல."

"போங்கன்னா போங்க."

போனார். உயரம் கம்மி, ஸ்டூலின்மேல் ஒரு மரப்பலகையைப் போட்டு ஏறினார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்பேனரில் இரண்டு கையாலும் தொங்காத குறையாக இழுத்தார். பலகைதான் அசைந்தது. பிரமோத் ஓடிப்போய்ப் பிடிக்காவிட்டால் கீழே விழுந்திருப்பார்.

"ஜெராக்ஸ் பட்டனை அமுக்கற கை. அதுகிட்ட என்னத்த எதிர்பார்க்கறது?" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள், ருத்ரேஷ் உட்பட. நான் சிரிக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பிரமோத் தோற்றபோது அப்பா எப்படிச் சிரித்தாரோ, ருத்ரேஷ் தோற்றபோதும் அதே சிரிப்பு. பெரிய மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை என்ற வித்தியாசமே இல்லை. தோள்வலி வந்த நாளிலிருந்து அவர் முகம் இவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வைத்தியங்கள் ஆரம்பித்தன. பிரமோத் காரிலிருந்து துரு இளக்கும் ஸ்ப்ரேயைக் கொண்டுவந்து அடித்தான். ருத்ரேஷ் கொதிக்கும் தண்ணீரில் துணியை முக்கி நட்டைச் சுற்றி வைத்தார். சுண்ணாம்புக்குப் புளிதான் எதிரி என்று அம்மா கெட்டியாகப் புளி கரைத்து அனுப்பினாள். சுத்தியலால் நட்டின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் அப்பா நாற்காலியிலிருந்து வர்ணனை கொடுத்தார்.

"புளி ஊத்தியாச்சா? அப்படியே ரெண்டு மிளகாயும் கிள்ளிப் போடுங்க, ரசமாவது ஆகும்."

மாப்பிள்ளைகள் இருவரும் இதற்குள் ஜோடி சேர்ந்துவிட்டார்கள். அவன் இழுக்க இவர் ஸ்டூலைப் பிடிக்கிறார். இவர் தட்ட அவன் டார்ச் அடிக்கிறான். "ரெண்டு பேரும் பாவம்" என்று சஹனா என்னிடம் சொன்னாள். போட்டிக்கு வந்த இடத்தில் யாராவது எதிராளிக்கு ஸ்டூல் பிடிப்பார்களா? இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் எதை ஜெயிப்பது?

பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா மிளகாய் பஜ்ஜிக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தாள்.

"விளக்கு வெக்கறதுக்குள்ள தண்ணி நிறையணும்டி. புது மாப்பிள்ளையை நாளைக்குப் பச்சைத் தண்ணில குளிக்கவெக்க முடியுமா?"

"நட் ஏம்மா இப்படி இறுகிக் கெடக்கு? வருஷா வருஷம் திறக்கறதுதானே?"

அம்மா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்கப்பா வேலைதான். எல்லாம் முடிஞ்சப்பறம், நாமெல்லாம் இந்தப் பக்கம் வந்துட்டோம்னா, அவர் மட்டும் திரும்ப உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவார். இன்னொரு தடவ முடுக்குவார். என்ன பண்ணுவாரோ தெரியாது, முக்கற சத்தம் மட்டும் கேக்கும். எதுக்கு இந்தப் பாடுன்னு ஒரு தடவ கேட்டேன். வேற எவன் கையிலயும் அது திறக்கக் கூடாதுன்னார்."

"எவன் வந்து திறக்கப் போறான்?"

"வந்தானே. அவர் ஊருக்குப் போயிருந்தப்ப தண்ணி சூடாகலன்னு ஒரு பிளம்பரைக் கூப்பிட்டேன். முழுசா ஒரு பொழுது போராடிட்டு, கும்பிடு போட்டுட்டுப் போயிட்டான். உங்கப்பாகிட்டச் சொன்னேன். அன்னிக்கு ராத்திரி மனுஷன் ரெண்டு ரொட்டி அதிகமாச் சாப்பிட்டார்."

ஆக, போட்டியும் இல்லை, சுயம்வரமும் இல்லை. எவராலும் திறக்க முடியாது என்று நிச்சயமாகத் தெரிந்துதான் அப்பா அந்த அறிவிப்பைச் செய்திருக்கிறார். தன்னால் முடியாததை வேறு ஒருத்தன் செய்துவிடக் கூடாது, அதிலும் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை செய்துவிடக் கூடாது. மனுஷனுக்குப் பொறாமை. அந்த வியாதி எனக்கு நன்றாகத் தெரியும். தலை வாரும்போது தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

அப்பாவுக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. அந்த நட் எப்படித் திறக்கும் என்று எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், அவர் கதவைச் சாத்த ஆரம்பிப்பதற்கு முன்னால், ஒரு வருஷம் கரண்ட் போய்விட்டதால் டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். அவர் எடுத்ததும் கழற்றும் பக்கம் இழுக்கவில்லை. முதலில் முடுக்கும் பக்கம் ஒரு தள்ளு தள்ளினார். படக்கென்று உள்ளே ஏதோ விரிசல் விட்டது. அப்புறம்தான் கழற்றினார், சுலபமாக வந்தது. மரைக்குள் கட்டியிருக்கிற சுண்ணாம்பு எப்படியாவது ஒரு தடவை உடைய வேண்டும், எந்தப் பக்கம் உடைந்தால் என்ன.

ருத்ரேஷைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் இதைச் சொன்னேன்.

"முதல்ல முடுக்குங்க. சத்தம் கேட்டதும் திருப்புங்க. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. நீங்க மட்டும் ஏறிப் பண்ணுங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"என்ன புரிஞ்சுது?"

"முதல்ல முடுக்கணும்."

"யார்கிட்டயும்?"

"சொல்லக் கூடாது" என்று பையன் மாதிரி தலையாட்டிவிட்டுப் போனார். நான் பின்னாலேயே போய்க் கதவருகே நின்றுகொண்டேன். இதோ, இன்னும் கொஞ்ச நேரத்தில் அப்பாவின் பட்டு வேட்டியில் இவர். சஹனா முகம் எப்படிப் போகும் என்றுகூட மனதுக்குள் பார்த்துவைத்துக்கொண்டேன்.

ஸ்டூலின் மேல் பிரமோத் நின்றுகொண்டிருந்தான், ஸ்பேனர் நட்டில் மாட்டியபடி இருந்தது. என் வீட்டுக்காரர் அவனை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்:

"பிரமோத், ஒரு நிமிஷம். கழட்டற பக்கம் வேண்டாம். முதல்ல முடுக்கற பக்கம் நல்லா ஒரு தள்ளு தள்ளுங்க."

எனக்கு ஒரு கணம் கண்ணே தெரியவில்லை.

அப்பா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். மடியிலிருந்த கிண்ணம் உருண்டது.

"ஏய், முடுக்காதீங்க! உடைஞ்சிடும்! யார் சொன்னா முடுக்கச் சொல்லி?"

அவர் கத்திய கத்தலிலேயே இதுதான் வழி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிரமோத் தள்ளினான். படக்கென்று ஒரு சத்தம், பட்டாசு வெடித்த மாதிரி. அவன் கையைத் திருப்பினான், நட் முனகிக்கொண்டே சுழன்றது. இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று. கடைசியில் மொத்தமாகக் கையோடு வந்தது. கூடவே உள்ளே தங்கியிருந்த வெள்ளைச் சேறெல்லாம் அவன் தலையில் இறங்கியது. முகம், சட்டை, புது வாட்ச் எல்லாம் சுண்ணாம்பு. அந்த அலங்காரத்தோடு அவன் நட்டைத் தூக்கிக் காட்டிப் பல்லைக் காட்டினான். சஹனா கைதட்டினாள், அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். சேறு விழுந்ததே, அதுவாவது கிடைத்ததே என்று நான் மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். தேறவில்லை.

"உங்களுக்கு யார் சொன்னா?" என்று அப்பா ருத்ரேஷைக் கேட்டார். குரலில் கேலி இல்லை.

"சிவலீலாதான் மாமா."

அப்பா என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் கிண்ணத்தைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ருத்ரேஷை மறுபடி பின்கட்டுக்கு இழுத்தேன்.

"உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? என்ன சொல்லி அனுப்பினேன்?"

"அவர் ஏற்கெனவே மேல இருந்தார் லீலா. நான் ஏறினா எனக்குச் சரியா எட்டவும் இல்ல. சாயங்காலத்துக்குள்ள தண்ணி நிறையணுமா, வேண்டாமா?"

"தண்ணி நிறைஞ்சாப் போதுமா?"

"பின்ன வேற என்ன நிறையணும்?"

உங்களை அந்த வேட்டியில் பார்க்க வேண்டும், எங்கப்பா உங்களை ஒரு தடவை மதிக்க வேண்டும், அதை என் தங்கை பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னால் எவ்வளவு அற்பமாக இருக்கும். சொல்லிவிட்டேன். அவர் கேட்டுவிட்டு என் தோளில் கை வைத்து, "அந்த வேட்டி எனக்கு நீளம்மா, தடுக்கும்" என்றார். இந்த மனுஷனோடு சண்டைகூடப் போட முடியாது.

மிச்ச வேலையெல்லாம் மளமளவென்று நடந்தது. தொட்டியைச் சுரண்டியதில் பக்கெட் நிறையச் சுண்ணாம்பு வந்தது. துரு வாங்கும் கம்பி பாதி கரைந்து பல்குச்சியாகியிருந்தது, புதுக் கம்பியை மாட்டினார்கள். பிரமோத் நட்டைத் திரும்ப ஏற்றி அளவாக முடுக்கினான். அம்மா சுண்ணாம்பாலும் செம்மண்ணாலும் பட்டை போட்டாள். சஹனா கொடியைச் சுற்றிக் கட்டினாள்.

பிறகு குளித்துவிட்டு அப்பாவின் பட்டு வேட்டியில் அவன் வந்தான். கட்டத் தெரியாமல் தவித்தவனுக்கு மடிப்பு வைத்துக் கட்டிவிட்டது யார் என்கிறீர்கள்? என் புருஷன்தான். விபூதி வைத்துக்கொண்டு அவன் குழாயைத் திறந்தான். தொட்டிக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. சஹனா ஆரத்தி எடுத்தாள். அவள் முகத்தில் அப்படியொரு பெருமை. என் கையில் மணியைக் கொடுத்திருந்தார்கள். நான் அடித்த அடியில் அம்மா திரும்பி, "மெதுவாடி, மணி நாக்கு அறுந்துடும்" என்றாள்.

அப்பா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் பாய்லரைக் கும்பிட்டார்கள், அவர் மட்டும் குழாயைப் பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு இறுகியிருந்தது. அந்தச் சின்னக் குளியலறையில் வயிறெரிந்து நின்றது நான் ஒருத்தி இல்லை என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

விளக்கு ஏற்ற எல்லோரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். நான் தரையைத் துடைப்பதாகச் சொல்லித் தங்கிவிட்டேன். துடைக்கத்தான் தங்கினேன், சத்தியமாக. ஆனால் ஸ்பேனர் ஜன்னல் திட்டில் இருந்தது. ஸ்டூலும் அங்கேயே இருந்தது. நட் செம்மண் பட்டைக்குக் கீழே பளபளவென்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. அவ்வளவு சரியாக முடுக்கியிருந்தான். அடுத்த வருஷம் வந்து இதே சரியான கையால் திறப்பான். அதற்கடுத்த வருஷமும் அவனே திறப்பான். இவர் ஸ்டூல் பிடிப்பார், நான் மணி அடிப்பேன்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். ஸ்பேனரை மாட்டி, முடுக்கும் பக்கமாக முழு பலத்தையும் கொடுத்து இழுத்தேன். வளையல்கள் கலகலத்தன. நட் அசையவில்லை. மறுபடி இழுத்தேன். கை எரிந்ததுதான் மிச்சம்.

பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளும் விழுந்தது. திரும்பினால் அப்பா.

ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு பாய்லர் அடியில் நிற்கிறேன். என்ன காரணம் சொல்வது? கசியுதான்னு பார்த்தேன்ப்பா என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன்.

"வளையலைக் கழட்டு" என்றார் அப்பா மெதுவாக. "மேல வரைக்கும் கேக்குது."

நான் கழற்றினேன். அவர் கதவோரத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் இடது கையை விட்டு, கை நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாயை உருவி எடுத்தார். இத்தனை வருஷம் அந்த டிரம்மில் தண்ணீர் மொண்டிருக்கிறேன், அப்படியொன்று அங்கே இருப்பது எனக்குத் தெரியாது.

"வெறும் ஸ்பேனர்ல வராது. பிடியில இதைச் சொருகிக்க. நீளம் கூடினா பலம் கூடும். உங்கம்மாவுக்கே இதைக் காட்டினதில்ல."

மாப்பிள்ளைகள் இருவரும் மத்தியானம் முழுக்கத் திண்டாடியபோது, அவர் காலுக்கு எட்டின தூரத்தில்தான் இது இருந்திருக்கிறது. குழாயை ஸ்பேனரின் பிடியில் மாட்டினேன். அவர் இடது கையால் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"நுனியில பிடி. இன்னும் நுனியில. உடம்பை உள்ள கொண்டு வா. இப்ப இழு."

இழுத்தேன். நட் முனகிக்கொண்டு நகர்ந்தது. என் கையில் நகர்ந்தது. அப்பாவைக் குனிந்து பார்த்தேன். பட்டு வேட்டி எவனிடமோ போனாலும் போகட்டும் என்று தோன்றியது. அப்படியொரு பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதுமாப்பா?"

"போதும். இதுக்கு மேல போனா மரை போயிடும்."

மாடியிலிருந்து பிரமோதின் குரல் கேட்டது. "மாமா, எங்க போயிட்டீங்க? முதல் விளக்கு நீங்கதான் ஏத்தணும், எல்லாரும் காத்திருக்கோம்!"

"இதோ வந்துட்டேன் மாப்பிள்ளை!" என்று அப்பா தேனாகக் குரல் கொடுத்தார். பிறகு என்னை அண்ணாந்து பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"இன்னும் ஒரு இழுப்பு இழு."